காரணம் கேட்கும் உரிமை: ஒன்ராறியோவில் வைத்தியர்கள் மீதான முறைப்பாடுகள்

ஒன்ராறியோவின் வடக்கே, சுரங்கத் தொழிலுக்குப் பேர்போன ரிம்மின்ஸ் நகரில் 1988ஆம் ஆண்டு 16 மாதக் குழந்தையொன்று இறந்தது. அப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் 12 வயதுச் சிறுமி. குழந்தை படியில் தவறி விழுந்ததென்று அவள் சொன்னாள். ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் நோயியல் நிபுணர் சார்ள்ஸ் ஸ்மித் அதை ஏற்கவில்லை. வீட்டுக்குள் நடக்கும் அப்படியான சிறு வீழ்ச்சியில் குழந்தை சாகாது, யாரோ பலமாகப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அதை நம்பிச் சிறுமி மீது ஆட்கொலைக் குற்றம் சாட்டினார்கள். 1991இல் நீதிபதி பற்றிக் டன் அவளை விடுதலை செய்தார். தீர்ப்பில் ஸ்மித்தின் வேலைமுறையை அவர் அடுக்கடுக்காகக் குறை சொல்லியிருந்தார்.

வழக்கு முடிந்தபின் சிறுமியின் தந்தை சும்மா இருக்கவில்லை. வைத்தியர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் மாகாணக் கழகத்துக்கு ஸ்மித் மீது முறைப்பாடு எழுதினார். பின்னர் வேறு இரண்டு குழந்தைகளின் குடும்பங்களிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தன. மரண விசாரணை அதிகாரிக்காகச் செய்யப்படும் பிரேத பரிசோதனை தன் எல்லைக்குள் வராது என்று கழகம் ஒதுங்கிக்கொண்டது. விடயம் கழகத்துக்கு வெளியே உள்ள மீளாய்வுச் சபைக்குப் போனது. ஸ்மித்தை விசாரிக்கும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு என்று சபை சொன்ன பிறகே விசாரணை நகர்ந்தது. 2002இல் முடிவு வந்தது. ஸ்மித்தை நேரில் அழைத்து எச்சரித்தார்கள். அந்தக் காலத்தில் இத்தகைய எச்சரிக்கை பொதுமக்கள் பார்க்கும் பதிவேட்டில் ஏறுவதில்லை.

பின்னர், ஸ்மித் கையாண்ட 45 மரணங்களை வெளி நிபுணர்களைக் கொண்டு தலைமை மரண விசாரணை அதிகாரி மறுபடி ஆராயச் செய்தார். 20 மரணங்களில் ஸ்மித்தின் முடிவுகள் பிழையானவை அல்லது சந்தேகத்துக்குரியவை என்று 2007 ஏப்ரலில் அந்த ஆய்வு சொன்னது. தன் பெறாமகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு 12 ஆண்டுகள் சிறையில் கிடந்த ஒருவர் அந்த ஆண்டே குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். நீதிபதி ஸ்டீபன் கூட்ஜ் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு 2008 ஒக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. ஸ்மித்தின் பதிவு 2011இல் இரத்தாயிற்று. சிறுமி விடுதலையாகி அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு முறைப்பாட்டு முறையின் தகுதியை, அது எத்தனை வைத்தியர்களைத் தண்டித்தது என்று எண்ணிப் பார்த்து அறிய முடியாது. முறைப்பாடு செய்தவருக்குக் காரணம் எழுதிய பதில் கிடைத்ததா, அந்தப் பதிலை வெளியார் ஒருவர் சரிபார்க்க வழி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளாலேயே அதை அளக்க வேண்டும். ஒன்ராறியோவின் சட்டத்தை இந்த இரண்டு கேள்விகளோடு வாசித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கனடாத் தமிழரில் பெரும்பகுதியினர் வாழும் மாகாணம் இது. குடும்ப வைத்தியர், பல் வைத்தியர், மருந்தாளர், தாதி என்று எல்லோரும் இந்த ஒரே சட்டத்துக்குக் கீழேதான் வருகிறார்கள்.

தொழில் தன்னைத் தானே ஆளும் ஏற்பாடு

1980களில் சட்டத்தரணி அலன் ஷ்வாட்ஸ் தலைமையில் ஒரு குழு சுகாதாரத் தொழில்களின் சட்டங்களை மீளாய்வு செய்து 1989இல் அறிக்கை தந்தது. அதன் வழியே ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டம் 1991இல் நிறைவேறி, 1993 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இன்று அச்சட்டத்தின் கீழ் 26 கழகங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘கொலிஜ்’ என்று பெயர் இருந்தாலும் இவை எதுவும் பாடம் நடத்துவதில்லை. பதிவு கொடுப்பது, தரம் வகுப்பது, முறைப்பாடு விசாரிப்பது, தேவையானால் பதிவைப் பறிப்பது ஆகியவையே இவற்றின் வேலை.

கழகத்தை நடத்தும் செலவு அந்தத் தொழிலில் இருப்போரின் ஆண்டுக் கட்டணத்திலிருந்து வருகிறது. அதன் சபையிலும் குழுக்களிலும் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு, அரசு நியமிக்கும் பொதுமக்கள் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். கழகத்தின் கடமை பொதுநலனைக் காப்பதென்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. வைத்தியரின் நலனுக்காக வாதாடுவதற்கு வேறு சங்கங்கள் உண்டு. ஆனாலும் வைத்தியரை வைத்தியரே விசாரிக்கும்போது நீதி கிடைக்குமா என்று நோயாளி கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பதில், முறைப்பாடு நகரும் பாதையில் ஒவ்வொரு படியிலும் கட்டி வைத்திருக்கும் கடமைகள்.

முறைப்பாடு போகும் பாதை

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது ஒலி, ஒளிப்பதிவாக இருக்கலாம். கட்டணம் கிடையாது. சட்டத்தரணி தேவையில்லை. இத்தனை ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்ற எல்லையும் இல்லை. வைத்தியர் பதிவை விட்டு விலகினாலும், பதிவில் இருந்த காலத்து நடத்தைக்காக அவரை விசாரிக்கும் அதிகாரம் கழகத்துக்குத் தொடர்ந்து இருக்கிறது.

முறைப்பாடு கிடைத்த 14 நாட்களுக்குள் பதிவாளர் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். பதில் எழுத வைத்தியருக்கு 30 நாட்கள் உண்டு. இரு தரப்பும் சம்மதித்தால் சமரச வழியில் தீர்க்கலாம். பாலியல் துஷ்பிரயோகம் தொடர்பான முறைப்பாட்டுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அந்தக் கதவைச் சட்டம் இறுக மூடியது மிகச் சரியான செயல். அப்படியான குற்றத்தை இரண்டு பேருக்கு நடுவிலுள்ள மனத்தாங்கலாகக் கருதி, பேசித் தீர்த்து மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

சமரசம் இல்லையென்றால் கோப்பு விசாரணைகள், முறைப்பாடுகள், அறிக்கைகள் குழுவுக்குப் போகிறது. 2009இல் இன்றைய வடிவம் பெற்ற இந்தக் குழுவின் அமர்வில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பொதுமக்கள் பிரதிநிதியாக இருக்க வேண்டும். குழு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவதில்லை, குறுக்கு விசாரணையும் செய்வதில்லை. மருத்துவப் பதிவுகள், இரு தரப்பின் கடிதங்கள், சில வேளைகளில் வெளி நிபுணர் ஒருவரின் கருத்து ஆகியவற்றை வாசித்தே முடிவெடுக்கிறது.

முறைப்பாடு செய்பவர்கள் மிகவும் கசப்படையும் இடம் இதுதான். மார்பு வலிக்கிறதென்று மூன்று முறை சொன்னேன், வைத்தியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஒருவர் எழுதுகிறார். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று வைத்தியர் எழுதுகிறார். அறையில் வேறு யாரும் இல்லை. இருவரில் யார் சொல்வது உண்மையென்று குழுவால் தீர்மானிக்க முடியாது, அது கடிதங்களை வாசித்துச் சலித்தெடுக்கும் குழு மட்டுமே. அப்போது அன்றைய குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். குறிப்பு எழுதும் பேனா வைத்தியரின் கையில் இருக்கிறது. ஆனாலும் குறிப்பு எழுதப்படாமல் இருப்பதும், அவசரமாக ஒரு வரியில் முடிந்திருப்பதும் வைத்தியருக்கு எதிராகவே நிற்கும். ஒழுங்கான பதிவு வைத்திருப்பது அவருடைய தொழிற்கடமை.

ஸ்மித் விவகாரத்தோடு நேரே தொடர்புள்ள கடமை ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. புதிய முறைப்பாட்டை ஆராயும்போது, அதே நபரைப் பற்றிக் கழகம் முன்னர் எடுத்த முடிவுகளையும் குழு பார்க்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு முறைப்பாடும் சிறு தவறாகத் தெரியலாம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் ஒருவரின் வழக்கமான போக்கு வெளிப்படும்.

எல்லாம் 150 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்கிறது சட்டம். முடியாவிட்டால், முறைப்பாடு செய்தவருக்கு எழுத்தில் அறிவித்து, அடுத்த 60 நாட்களுக்குள் ஒரு திகதி சொல்ல வேண்டும். அதுவும் தவறினால் காரணத்தோடு மீண்டும் அறிவிக்க வேண்டும். தாமதத்தைக் குறித்தே மீளாய்வுச் சபையிடம் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. நடைமுறையில் 150 நாட்கள் தாண்டிப் போகும் கோப்புகள் ஏராளம். காலக்கெடு தவறியதால் மட்டும் முறைப்பாடு செத்துப்போவதில்லை என்பதே இதில் ஒரே ஆறுதல்.

முடிவுகளின் படிவரிசை

குழுவின் முன் பல தெரிவுகள் இருக்கின்றன. நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று முடிக்கலாம். ஆலோசனை சொல்லி அனுப்பலாம். குறிப்பிட்ட பயிற்சியை முடிக்கும்படி கட்டளையிடலாம். நேரில் வரவழைத்து எச்சரிக்கலாம். நோயினாலோ போதைப் பழக்கத்தினாலோ தொழில் செய்யும் ஆற்றல் குறைந்தவரென்று கருதினால் அதற்கான தனி வழிக்கு அனுப்பலாம். பாரதூரமான குற்றச்சாட்டென்றால் ஒழுக்காற்றுக் குழுவிடம் ஒப்படைக்கலாம். நோயாளிகளுக்கு ஆபத்து நேரக்கூடும் என்று கண்டால், விசாரணை முடியும்வரை பதிவை இடைநிறுத்தும் அதிகாரமும் உண்டு.

நேரில் எச்சரிப்பது எப்படி நடக்கும்? வைத்தியர் குழுவின் முன் வந்து அமர்கிறார். எந்த நோயாளிக்கு எந்த இடத்தில் என்ன தவறியது, இனி எப்படி நடக்க வேண்டும் என்று சக வைத்தியர்களும் பொதுமக்கள் பிரதிநிதியும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். சட்டத்தின் கணக்கில் இது தண்டனை ஆகாது. 2017ஆம் ஆண்டின் நோயாளிகள் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய எச்சரிக்கையையும் கட்டாயப் பயிற்சிக் கட்டளையையும் பொதுப் பதிவேட்டில் காட்ட வேண்டும் என்று விதித்தது. இன்று யாரும் கழகத்தின் இணையத்தளத்துக்குப் போய் வைத்தியரின் பெயரைத் தட்டினால் அதைக் காணலாம். 2002இல் ஸ்மித்துக்குக் கொடுத்த எச்சரிக்கையையும் இப்படி எல்லோரும் பார்க்க முடிந்திருந்தால், அவர் சாட்சி சொன்ன வழக்குகளைச் சட்டத்தரணிகள் முன்கூட்டியே கிளறியிருப்பார்கள் என்பது என் துணிபு.

ஒழுக்காற்றுக் குழு வரை போகும் முறைப்பாடுகள் சிறுபகுதி மட்டுமே. அங்கே நீதிமன்றத்தைப் போலச் சாட்சிகளை அழைத்துப் பகிரங்கமாக விசாரிப்பார்கள். பதிவை இரத்துச் செய்யலாம், இடைநிறுத்தலாம், நிபந்தனை விதிக்கலாம், கண்டிக்கலாம், 35,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம். அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு சதமும் கிடைக்காது. பாலியல் துஷ்பிரயோகத்தில் சட்டம் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் செயல்கள் நிரூபணமானால் பதிவை இரத்துச் செய்தே ஆக வேண்டும், ஐந்து ஆண்டுகள் கழியாமல் மீண்டும் விண்ணப்பிக்கவும் முடியாது.

இந்த விசாரணையில் இரண்டு தரப்புகளே உண்டு: கழகம், குற்றஞ்சாட்டப்பட்டவர். முறைப்பாடு செய்தவர் அங்கே வெறும் சாட்சி. தான் தொடங்கிவைத்த விடயம் தன் கையை விட்டுப் போய்விட்டதை அங்கே வைத்துத்தான் பலர் முதன்முதலாக உணர்கிறார்கள்.

வெளியாரின் கண்

ஒன்ராறியோ முறையின் உயிர்நாடி என்று நான் கருதுவது, சுகாதாரத் தொழில்கள் மேன்முறையீட்டு மீளாய்வுச் சபை. குழுவின் முடிவு பிடிக்காத எவரும், வைத்தியரோ முறைப்பாடு செய்தவரோ, 30 நாட்களுக்குள் இந்தச் சபையிடம் மீளாய்வு கேட்கலாம். ஒழுக்காற்று விசாரணைக்கோ, ஆற்றல் குறைந்தவருக்கான தனி வழிக்கோ அனுப்பப்பட்டவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது. சபையின் உறுப்பினர்கள் எவரும் சுகாதாரத் தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

சபை இரண்டு கேள்விகளையே கேட்கிறது. விசாரணை போதியதாக இருந்ததா? முடிவு நியாயமானதா? போதிய விசாரணை என்றால் எல்லாக் கல்லையும் புரட்டிப் பார்ப்பதென்று பொருள் அல்ல. முடிவைப் பாதிக்கக்கூடிய ஆவணமோ சாட்சியோ விடுபட்டிருக்கக் கூடாது என்பதே பொருள். நியாயமான முடிவென்றால், கோப்பில் உள்ள தகவல்கள் அந்த முடிவைத் தாங்க வேண்டும், எப்படி அங்கு வந்து சேர்ந்தார்கள் என்பது காரணங்களை வாசிப்பவருக்குப் புரிய வேண்டும். குறை கண்டால் சபை கோப்பைத் திருப்பி அனுப்பலாம், இன்னதைச் செய் என்று குழுவுக்குக் கட்டளையிடலாம், பரிந்துரை செய்யலாம். எவருக்கும் பணம் வாங்கிக் கொடுக்க அதனால் முடியாது.

மீளாய்வு கேட்டவுடன் நடக்கும் ஒரு காரியம் முறைப்பாடு செய்தவருக்குப் பெரிய பயன். கழகம் தன் விசாரணைக் கோப்பைச் சபையிடம் ஒப்படைக்க வேண்டும், சபை சில விதிவிலக்குகளோடு அதை இரு தரப்புக்கும் காட்டும். பாதிக்கப்பட்ட குடும்பம் பல வேளைகளில் அப்போதுதான் முழுக் கோப்பையும் பார்க்கிறது. வைத்தியர் என்ன பதில் எழுதினார், வைத்தியசாலை எந்தப் பக்கங்களை அனுப்பியது, வெளி நிபுணர் எதைக் குறையென்றார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தாயின் கடைசி இரவில் நடந்ததைப் பல மாதங்கள் கழித்தாவது மணிவாரியாக வாசித்து அறிவது, முடிவு மாறாவிட்டாலும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

இந்தியச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மாநில மருத்துவக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவருக்கு மேன்முறையீட்டு வழியை வெளிப்படையாகத் தருகிறது. முறைப்பாடு செய்த நோயாளியை அந்தப் பிரிவு குறிப்பிடவே இல்லை. கவுன்சில் மருத்துவரை விடுவித்துவிட்டால் நோயாளி எங்கே போவது என்பது அங்கே தீராத கேள்வியாக நிற்கிறது. முறைப்பாடு செய்தவருக்கு மீளாய்வு உரிமை இல்லாத இடத்தில், கழகம் தவறாக முடித்த கோப்பு மூடியபடியே கிடக்கும்.

எட்டாத இடங்கள்

ஒன்ராறியோ முறைக்கும் எட்டாத இடங்கள் உண்டு. நட்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பொதுவான காலவரம்பு இரண்டு ஆண்டுகள், கழகத்தில் முறைப்பாடு நடக்கிறதென்று அந்தக் கடிகாரம் நிற்காது. கழகத்தின் விசாரணைக்காகத் தயாரித்த அறிக்கைகளையும் வாக்குமூலங்களையும் குடியியல் வழக்கில் சாட்சியமாக வைக்கவும் சட்டம் தடை போட்டிருக்கிறது. முதலில் கழகத்தின் முடிவு வரட்டும், பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருந்து இரண்டையும் இழப்பது எவருக்கும் நேரக்கூடிய அபாயம்.

வசதியிலும் சமத்துவம் இல்லை. 1901இல் தொடங்கிய கனடிய மருத்துவப் பாதுகாப்புச் சங்கம் தன் உறுப்பினரான வைத்தியருக்கு, கழக முறைப்பாட்டுக்குப் பதில் எழுதுவதிலிருந்தே சட்ட உதவி தருகிறது. அந்தச் சங்கத்துக்கு வைத்தியர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதியை மாகாண அரசு ஈடுசெய்கிறது. மறுபுறத்தில் முறைப்பாடு செய்பவர் சமையலறை மேசையில் தனியே இருந்து எழுதுகிறார். பிரெஞ்சு மொழியில் கழகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. தமிழுக்கோ வேறு குடியேற்ற மொழிகளுக்கோ அப்படியொரு உரிமை எழுதப்படவில்லை. பொதுப்பணத்தில் ஒரு தரப்புக்குச் சட்ட உதவி போகுமானால், மறுதரப்புக்கு மொழிபெயர்ப்பு உதவியாவது உரிமையாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, முறைப்பாடே வராத இடம். எலிசபெத் வெற்லோஃபர் என்ற தாதி 2007க்கும் 2014க்கும் இடையில் தன் பராமரிப்பில் இருந்த 8 பேரை இன்சுலின் ஏற்றிக் கொன்றார். அவர் வேலை செய்த முதியோர் இல்லம் மருந்துத் தவறுகளுக்காக 2014இல் அவரை நீக்கித் தாதியர் கழகத்துக்கு அறிவித்தது. அப்போதும் உண்மை வெளிவரவில்லை. 2016இல் அவராகவே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொள்ளாதிருந்தால் அந்தக் குற்றங்கள் வெளிவந்தே இரா என்று நீதிபதி ஐலீன் கிலீஸின் 2019ஆம் ஆண்டு அறிக்கை முடிவு கூறியது. தங்களுக்காகப் பேச முடியாத முதியவர்கள் விடயத்தில் நோயாளியின் முறைப்பாட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது. சக ஊழியரும் நிர்வாகமும் உடனே, முழுமையாக அறிவிப்பதும், அந்த அறிவித்தலைக் கழகம் தோண்டிப் பார்ப்பதும் அங்கே உயிர்காக்கும் கடமைகள்.

முறையிட நினைப்பவர்களுக்கு

வைத்தியரை எதிர்த்து எழுதுவது நன்றிகெட்ட செயலென்று எங்கள் மக்களில் பலர் நினைக்கிறார்கள். அடுத்த முறை சரியாகக் கவனிக்கமாட்டார் என்ற பயமும் உண்டு. குடும்ப வைத்தியர் கிடைப்பதே அரிதான காலத்தில் அந்தப் பயத்தை யாரும் எள்ளக் கூடாது. ஆனால் முறைப்பாடு பழிவாங்கும் ஆயுதம் அன்று. நேர்மையான வைத்தியருக்குத் தன் தரப்பைச் சொல்ல இடமும், நியாயமற்ற முடிவை மீளாய்வுக்குக் கொண்டுபோகும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

எழுதுமுன் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். சொந்தப் பதிவைப் பார்க்கும் உரிமையை 2004ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் தருகிறது, கோரிக்கைக்குப் பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தில் கோபத்தைக் குறைத்து, திகதி, நேரம், அங்கே இருந்தவர்கள், சொன்னது, செய்தது என்று வரிசையாக எழுதுங்கள். என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்பதை இறுதியில் தெளிவாகக் கேளுங்கள். வைத்தியசாலையின் ஒழுங்கீனம், நீண்ட காத்திருப்பு போன்றவற்றுக்கு வைத்தியசாலையின் நோயாளர் தொடர்புப் பிரிவும், 2016இல் தொடங்கிய நோயாளர் குறைகேள் அதிகாரி அலுவலகமும் பொருத்தமான இடங்கள். தனி ஒரு வைத்தியரின் அல்லது தாதியின் நடத்தைக்குக் கழகமே சரியான இடம். நட்டஈடு எண்ணமும் இருந்தால் இரண்டு ஆண்டுகள் ஓடுவதற்குள் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

முடிவு வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். காரணங்களை வாசியுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இல்லையென்றால், கேட்கச் சொன்ன சாட்சியைக் கேட்கவில்லையென்றால், 30 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு எழுதுங்கள். அந்த 30 நாட்களைத் தவறவிடாதீர்கள்.